மையால் வரைந்த மின்பாதை



மின்சாரம் செல்லும் பாதையைக் கம்பியின்றி மையினாலேயே வரையலாம். இதற்கான முறையொன்றுக்கு அமெரிக்காவில் சார்ல்ஸ் டூக்காஸ் என்பார் 1925ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் அம்முறை பெருந்தொழிலாக வளர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போதே.

இலக்கை அண்மித்ததும் தானே வெடிக்கும் குண்டின் மூக்கினுள் ஒரு சிறு வானொலிக் கருவியை அடக்க வேண்டியிருந்தது. கம்பிகளைக் கையாற் பற்றவைக்க இடமுமில்லை, காலமுமில்லை. மில்வாக்கி நகரத்துச் சென்ட்ரலாப் தொழிற்சாலையார் வெள்ளித்தூள் கலந்த மையைப் பட்டுத்திரையினூடாகப் பீங்கான் தகட்டில் பதித்துச் சூளையிலிட்டனர். வெள்ளிக் கோடு கம்பியாயிற்று. கரி கலந்த மை மின்தடையாயிற்று.

போர் முடிந்தபின், 1947இல், அமெரிக்க அரசின் தரநிர்ணயக் கழகம் இத்தகைய முறைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. செவிப்புலன் குன்றியோர் அணியும் கருவியிலும் அச்சிட்ட மின்சுற்று இடம்பெற்றது. 2013இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தாரும் அவர்தம் துணைவரும் சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளி மையிட்டு, ஒளிப்படத் தாளிலே மின்சுற்றை அச்சிட்டுக் காட்டினர். அதற்குச் சூளையும் வேண்டியிருக்கவில்லை.

படைக்கலத்துள் மறைந்திருந்த கலை மாணவனின் மேசைக்கு வந்து சேர்ந்தது, அறிந்தோர் அதனை ஒளிக்காது உரைத்தமையாலன்றோ?