மகரந்தம் படித்த தணிகைமணி

எங்கள் நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீடுகளில் நிறைநாழி நெல்லில் தென்னம்பூக்குலையைக் குத்தி வைப்பார்கள். தொட்டால் விரலில் மஞ்சளாகத் தூள் ஒட்டும். சின்ன வயதில் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு ஓடியவன்தான் நானும்! அந்தத் தூளை வைத்தே மரத்தின் குலம் கோத்திரம் சொல்லலாம் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மகரந்த மணியின் வெளிச்சுவர் லேசில் அழியாது. அமிலத்தையும் தாங்கும். சுவீடன் நாட்டு எர்ட்மன் இதையே ஒரு முறையாக்கினார். அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கு, கந்தக அமிலம் ஒரு பங்கு கலந்து சூடாக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து சுவர் மட்டும் மிஞ்சும். அதிலுள்ள பள்ளம், துளை, முள் எல்லாம் நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும்.

இந்த வேலை நம் பக்கத்திலேயே நடந்தது. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பிலிப் கினே என்பவர் வேலமரக் குடும்பத்தின் மகரந்தங்களை ஆராய்ந்து 1969-ல் நூல் வெளியிட்டார். நம் தேரிக்காட்டு உடைமரமும் கருங்காலியும் அன்று 'அகேசியா' என்ற ஒரே பெயருக்குள் இருந்தன. ஆனால் உடை வகையின் மணிகளில் பள்ளம் உண்டு, கருங்காலி வகையில் துளை மட்டுமே. பின்னாளில் மரபணு ஆய்வும் இவை வேறு வேறு என்றே சொன்னது. இன்று உடை வாச்செல்லியா, கருங்காலி செனகாலியா!

அதே ஆய்வகத்தில் வளர்ந்தவர் கணபதி தணிகைமணி. 1938-ல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஜி.எல். சுவாமியின் மாணவர். பனைக் குடும்பத்தின் மகரந்தங்களை ஆராய்ந்து 1970-ல் பிரான்சின் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தென்னை மணியில் நீளமாக ஒரே பள்ளம். சதுப்பு நிலப் பனையான நிப்பாவின் மணியிலோ உடம்பெல்லாம் முள், இடுப்பைச் சுற்றி வளையமாக ஒரு பிளவு. இப்படிப்பட்ட மணிகள் பாறைகளிலும் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான களிமண்ணில் நிப்பாவின் காய்களே கிடைத்திருக்கின்றன. அந்தக் குளிர்நாடு ஒரு காலத்தில் வெப்பமண்டலக் கடற்கரை போல இருந்திருக்கிறது!

ஆனால் மிக நெருங்கிய இனங்களின் மணிகள் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். சில சமயம் பேரினம் வரைதான் சொல்ல முடியும். ஒப்பிட்டுப் பார்க்க, பெயர் தெரிந்த மணிகளின் கண்ணாடித் தகடுகள் வேண்டும். உலகில் யார் எந்த மகரந்தத்தை விவரித்தார் என்ற பட்டியலும் வேண்டும். தணிகைமணி அந்தப் பட்டியலை 1972 முதல் பல தொகுதிகளாக வெளியிட்டார். தனக்குப் பேர் வாங்கித் தரும் வேலை அல்ல, அடுத்தவர் ஆராய்ச்சிக்குப் படிக்கட்டு கட்டும் வேலை!

1986 செப்டம்பர் 5. கராச்சியில் பான் ஆம் 73 விமானம் கடத்தப்பட்டது. பயணிகளைக் காத்து உயிர்விட்ட பணிப்பெண் நீரஜா பனோட்டை நமக்குத் தெரியும், 2016-ல் படமே வந்தது. அதே விமானத்தில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் தணிகைமணி. வயது 48. அலையாத்திக் காடுகளின் மகரந்தம் பற்றிய அவர் நூல் 1987-ல், அவர் இல்லாமலே வந்தது.

தாவரவியல் படிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கும் போன மாதம் வரை தெரியாது. அடுத்த முறை தென்னம்பூ தூள் கையில் ஒட்டினால் உடனே துடைக்க மாட்டேன்.