ஒரே தாளில் எழுதப்பட்ட ஊர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

மன்னாரின் வரலாறு என்றால் மாந்தைத் துறைமுகம், திருக்கேதீச்சரம், மடு, முத்துக்குளிப்பு, கோட்டை என்று எழுதுவோம். எல்லாம் எழுத வேண்டியவைதான். ஆனால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு நமது ஆண்களில் பாதிப்பேர் எங்கே நின்றார்கள் என்பது அந்தப் பக்கங்களில் அதிகம் வருவதில்லை. அவர்கள் உதைபந்தாட்ட மைதானத்தில் நின்றார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் படையினரும் மிஷன் பாடசாலைகளும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது. கொழும்பில் கழகங்கள் பெருகின. 1939இல் இலங்கைக்கென்று ஓர் உதைபந்தாட்டச் சங்கம் உருவானது. 1952இல் அது பீபாவில் சேர்ந்தது.

மன்னாரில் இந்த விளையாட்டு ஊன்றியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கிரிக்கெட்டுக்கு மட்டை, விக்கெட், காப்பு, உருட்டிய தரை எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு பந்தும் வெறும் வெளியும் போதும். தீவில் மட்டமான மணல் வெளிக்குக் குறைவில்லை. சப்பாத்து இல்லாதவனும் ஓடலாம். விடியலில் கரை திரும்பிய தொழிலாளிக்கும் பின்னேரம் மிச்சம் இருக்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் நாணயச் சுழற்சியில் வென்ற தலைவர் முதலில் பார்ப்பது காற்று எந்தப் பக்கம் என்பதைத்தான். கழுதை மைதானத்துக்குள் வந்து ஆட்டம் நிற்பதும் நமக்குப் புதிதில்லை.

இப்படி ஊர் ஊராக விளையாடியதை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது லீக். கழகங்கள் லீக்கில் பதிவாகும். லீக்குகள் தேசிய சம்மேளனத்தில் அங்கம் வகிக்கும். மன்னார் லீக்கில் பதிவான ஒரு சின்னக் கழகம் எஃப்.ஏ. கிண்ணத்தில் படிப்படியாக வென்றால், கொழும்பின் சோண்டர்ஸ், ரினோன் போன்ற பெரிய கழகங்களையும் சந்திக்கலாம். ஊர் மைதானத்துக்கும் சுகததாச விளையாட்டரங்குக்கும் இடையில் இருக்கும் ஏணி அது.

அந்த ஏணியை விடப் பெரிய வேலை ஒன்றையும் லீக் செய்தது. நமது ஊர்களுக்குக் கோயில் வேறு, பள்ளிவாசல் வேறு. பல இடங்களில் பாடசாலையும் வேறு. பள்ளிமுனைக் கழகத்தின் பெயர் புனித லூசியா. கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் இப்படிப் புனிதர் பெயரில் பல கழகங்கள் உண்டு. எங்கள் ஊர்க் கழகங்கள் அஸர் தொழுகை முடிந்த பிறகுதான் பந்தைத் தொடும். ஆனால் பள்ளிமுனை, பேசாலை, வங்காலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்ற பெயர்களை ஒரே தாளில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதக்கூடிய இடம் போட்டி அட்டவணைதான். வென்றவருக்குப் புள்ளி, தோற்றவருக்கு இல்லை. அந்தக் கணக்கில் யாருக்கும் சலுகையும் இல்லை, பாரபட்சமும் இல்லை. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று மத்தியஸ்தரைத் திட்டும் உரிமையும் எல்லா ஊருக்கும் சமம்.

சிறிய லீக்குகள் உலகம் முழுவதும் உண்டு. அமெரிக்காவில் பேஸ்போல் விளையாட்டுக்கு நடுத்தர நகரங்கள்தோறும் அணிகள் இருக்கின்றன. 1901இல் அவற்றுக்கென்று ஒரு சங்கமே அமைந்தது. பின்னாளில் அவற்றில் பெரும்பாலானவை பெரிய கழகங்களுக்கு வீரர்களைப் பழக்கிக் கொடுக்கும் இடங்களாகின. 2020இன் முடிவில் மேலிடம் ஒரு கணக்குப் போட்டு, 160 அளவில் இருந்த இணைந்த அணிகளை 120 ஆக்கியது. நாற்பது வரையான அணிகள் ஒரே முடிவில் அந்தக் கட்டமைப்புக்கு வெளியே போயின.

நமது ஊர்க் கழகத்துக்கு அப்படி முதலாளி இல்லை. ஆகவே மேலிருந்து ஒரு கையெழுத்தில் அதை மூட முடியாது. 2023இல் பீபா இலங்கையை ஏழு மாதம் இடைநிறுத்தியபோது தேசிய அணி வெளிநாட்டுடன் விளையாட முடியாமல் இருந்தது. ஆனால் ஊர் மைதானத்தில் பந்து உருள யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. முதலாளி இல்லாததில் ஒரு நட்டமும் உண்டு. அமெரிக்க அணிகளின் பழைய ஆட்டக் கணக்குகள் நூலகங்களில் இருக்கின்றன. நமது கணக்குகள் செயலாளர் வீட்டு அலுமாரியில் இருந்தன.

அந்த அலுமாரிகள் எங்கே போயின என்பது உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் எங்களை வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். வட மாகாணம் முழுவதும் சுமார் 75,000 முஸ்லிம்கள். தீவிலிருந்து போனவர்களில் பெரும்பாலானோர் படகில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். முசலிப் பக்கத்தவர்களில் பலர் காட்டு வழியே நடந்தார்கள். கைக்குழந்தையையும் உடுப்புப் பையையும் தூக்கியவர் கழகத்தின் கொப்பியையும் கிண்ணத்தையும் தூக்கியிருக்க மாட்டார். ஊர் போனதோடு அணியும் போனது. அணியின் எழுத்தும் போனது.

இருந்தவர்களுக்கும் ஆட்டம் எளிதாக இருக்கவில்லை. அதே 1990இல் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. ரயிலும் நின்றது. பிறகு தீவு ஒருவர் கையில், பெருநிலத்தின் பெரும்பகுதி இன்னொருவர் கையில். அடம்பன், விடத்தல்தீவுப் பக்கம் 2008 வரை அப்படித்தான். பாஸ் எடுத்துச் சோதனைச் சாவடி தாண்டிப் போகும் காலத்தில் பதினைந்து பேர் கொண்ட அணியை வெளியூருக்கு அழைத்துப் போவது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள். புதிய பாலம் 2010 மார்ச்சில் திறந்தது. தலைமன்னாருக்கு ரயில் திரும்பியது 2015 மார்ச்சில். கால் நூற்றாண்டு, அதாவது ஒரு வீரனின் ஆட்ட வயது முழுவதும் அதற்குள் முடிந்துவிடும்.

இந்த இடைவெளியில் எங்கள் பிள்ளைகள் புத்தளம், நாகவில்லு, கற்பிட்டி மண்ணில் பந்து விளையாடி வளர்ந்தார்கள். சிலர் திரும்பினார்கள், பலர் அங்கேயே வேரூன்றினார்கள். எருக்கலம்பிட்டி என்ற பெயர் இன்று மன்னாரிலும் இருக்கிறது, புத்தளத்திலும் இருக்கிறது. அதனால் இரண்டு மாவட்டத்திலும் கைதட்ட எங்களுக்கு ஆள் இருக்கிறது. அதே வேளை, மூத்தவாப்பா எந்த ஊர்க்காரரோடு மோதி எந்த ஊர்க்காரரின் தோளில் கைபோட்டு வந்தார் என்பதைப் பேரப்பிள்ளை அறியாமலே வளர்கிறான். வகுப்பறையில் நாங்கள் காண்பது இதைத்தான். வெளியேற்றம் அவனுக்குத் தெரியும், அதற்கு முந்திய பின்னேரங்கள் தெரியாது.

அந்தப் பழைய தாள் இன்னும் முழுதாகக் கிழியவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. தேசிய அணியின் பின்கள வீரர் டக்சன் பியூஸ்லஸ் மன்னார் மண்ணின் பிள்ளை. மாலைதீவின் வலென்சியா கழகத்துக்கு விளையாடிக்கொண்டிருந்தபோது, 2022 பெப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்தது. அந்த நாட்களில் இந்த மாவட்டத்தில் யாரும் அவரது மதத்தைக் கேட்டுவிட்டு அழவில்லை. "நம்ம பொடியன்" என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

1970களிலும் 80களிலும் விளையாடியவர்கள் இன்று அறுபது, எழுபது தாண்டியவர்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய அணிப்படம், சான்றிதழ், போட்டி நோட்டீஸ், லீக் கடிதம் எதுவும் இருந்தால் கைபேசியில் படம் எடுத்துக் கீழே போடுங்கள். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். படத்தில் நிற்பவர்களின் பெயர், ஆண்டு, எந்த மைதானம், எதிரணி எந்த ஊர் என்று நான்கு விடயம் எழுதினால் போதும். பேசாலை, பள்ளிமுனை, வங்காலை உறவுகளிடமும் கேட்கிறோம். எங்கள் அணிப்படம் எங்களிடம் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் எங்களோடு மோதிய அன்று எடுத்த படம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கக்கூடும்.

எதிரணியின் வீட்டிலிருந்தாவது அது கிடைத்தால், அந்தப் பட்டியலை மாணவர்களோடு சேர்ந்து மறுபடி எழுதத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.