கையுறை பிறந்த வரலாறும் ஒவ்வாமை தரும் படிப்பினையும்



நம் கோட்டையூர், காரைக்குடி வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் இன்று செவிலியர் படிப்பிலும் ஆய்வகப் பயிற்சியிலும் மருத்துவக் கல்வியிலும் சேர்கின்றனர். சிவகங்கையில் 2012-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் அந்த வாசல் நமக்கு இன்னும் அருகில் வந்துவிட்டது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குக் கூடாரத்தில் வைத்துச் சிகிச்சையளித்த ருஃபைதா (ரலி) அவர்களின் வழியில் நம் பெண்மக்கள் நடப்பது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் பயிற்சியின் தொடக்கத்திலேயே சிலருக்கு ஒரு சோதனை வருகிறது. கையுறை அணிந்தால் அரிப்பு. கிருமிநாசினி பட்டால் தோல் வெடிப்பு. மருந்து நெடியால் மூச்சிரைப்பு. வெளியே சொன்னால் படிப்பு பறிபோகுமோ என அஞ்சி மறைப்போர் உண்டு. வீட்டாரும் ‘பழகிவிடும்’ என்று கூறிவிடுகின்றனர். அவ்வாறு மறைக்க வேண்டியதில்லை என்பதற்கு மருத்துவ வரலாறே சாட்சி.

ரோஜாவும் அர்ராஸியும்

‘ஒவ்வாமை’ என்று நாம் கூறும் நிலைக்கு ‘அலர்ஜி’ என்ற பெயரை வியன்னாவின் மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906-இல் சூட்டினார். ஆயினும் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 925 அளவில் மறைந்த முஸ்லிம் மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸி இதைக் கவனித்து எழுதியுள்ளார். அறிஞர் அபூஸைத் அல்பல்கீ வசந்த காலத்தில் ரோஜாவை முகர்ந்தால் மூக்கொழுகி அவதிப்படுவது ஏன் என ஆராய்ந்து தனி ஏடே வரைந்தார். நோயாளியின் முறையீட்டை ‘மனப்பிரமை’ என்று ஒதுக்காமல் காரணம் தேடியது அவரது சிறப்பு.

ஒரு செவிலியரின் கைகள்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889 குளிர்காலத்தில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியர் அறுவை அரங்கில் பணியாற்றினார். கிருமி நீக்கப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு கரைசலால் அவர் கைகள் புண்ணாயின. வேலையை விடும் நிலை வந்தது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவரை அனுப்பிவிடவில்லை. குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்து தரச் சொன்னார். கையுறை வந்தது, கை ஆறியது. பின்னர் மற்றவர்களும் அணியத் தொடங்கினர். கையுறை அணிந்து செய்த அறுவைச் சிகிச்சைகளில் சீழ்பிடிப்பது வெகுவாகக் குறைந்ததை, அதே மருத்துவமனையின் ஜோசப் பிளட்குட் 1899-இல் வெளியிட்டார்.

சிந்தித்துப் பாருங்கள்: நோயாளியைக் காக்கும் கையுறை, முதலில் பணியாளரின் தோலைக் காக்கவே பிறந்தது. ஒருவரின் சிரமம் செவிமடுக்கப்பட்டது, உலகமே பயனடைந்தது.

மருந்தே நோயான கதை

கையுறைக்கான ரப்பரின் கதையில் நம் செட்டிநாட்டுக்கும் பங்குண்டு. 1877-இல் சிங்கப்பூர் வந்த ரப்பர் நாற்றுகளிலிருந்து மலாயாவில் பெருந்தோட்டங்கள் பரவின. அவற்றுக்கு நம் பகுதி நகரத்தார் கடன் கொடுத்தனர். தமிழ்த் தொழிலாளர் விடியற்காலையில் பால் வெட்டினர். இன்றும் உலகின் கையுறைகளில் கணிசமான பங்கு மலேசியாவிலிருந்தே வருகிறது.

எய்ட்ஸ் அச்சத்தால் 1980-களில் கையுறைப் பயன்பாடு பன்மடங்காகியது. அத்துடன் அதே ரப்பர் பாலிலுள்ள புரதம் பணியாளர் பலருக்கு ஒவ்வாமையானது. எளிதாக அணிவதற்காகத் தூவிய மாவு அப்புரதத்தைச் சுமந்து காற்றில் கலந்ததால், கையுறை அணியாதவருக்கும் தும்மலும் மூச்சிரைப்பும் வந்தன. மாவில்லாக் கையுறைக்கு மாறிய ஜெர்மனியில் புதிய பாதிப்புகள் குறைந்தன. அமெரிக்காவில் மாவு தூவிய மருத்துவக் கையுறைகளுக்கு 2017 ஜனவரி 18 முதல் தடை வந்தது.

மார்க்கம் காட்டும் வழி

பயணத்தில் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்பு கடமையானபோது, ‘உமக்குச் சலுகையில்லை’ என்று உடனிருந்தோர் கூறினர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களைக் கடுமையாகக் கண்டித்து, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். இக்கருத்து அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அரிப்பென்று அழும் பிள்ளையிடம் ஆராயாமல் ‘பழகிவிடும்’ என்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வாமை பழகுவதில்லை, தொடர்ந்து பட்டால் முற்றக்கூடும்.

ஆகவே, பயிற்சி தொடங்கும் முன்பே ஒவ்வாமையைப் பொறுப்பாசிரியரிடம் தெரிவிப்பது நல்லது. தோல் மருத்துவரிடம் சோதித்து எழுத்தில் சான்று பெறுங்கள். தோல் வறட்சி, ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருளால் சில மணி நேரம் கழித்து வரும் சொறி, ரப்பர் புரதத்தால் உடனே வரும் தடிப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறானவை, தீர்வுகளும் வெவ்வேறு. ரப்பர் புரதம் ஒவ்வாதவருக்கு மாவில்லாத நைட்ரைல் கையுறை உதவும். வாழை, பப்பாளி, அவகாடோ உண்டால் வாய் அரிக்குமானால் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசரநிலை. தாமதமின்றி அட்ரினலின் ஊசி தேவைப்படும்.

பணியில் பலமுறை கைகழுவும் பிள்ளைகளுக்கு ஐவேளை ஒளூவும் சேரும்போது தோல் மேலும் வறளும். கைகளை நன்கு துடைத்து, மணமில்லாத களிம்பு பூசிக்கொள்ளலாம். தண்ணீரே தீங்கு செய்யுமென மருத்துவர் கூறினால், தயம்மும் குறித்து ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு அச்சலுகையை அருளியவன் அல்லாஹ்வே.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதன் குறையை உரியவரிடம் சொல்வது அந்த அமானிதத்தைப் பேணுவதாகும். பிறர் நோய் தீர்க்கப் புறப்பட்ட நம் பிள்ளைகளின் கைகளுக்கு வல்ல அல்லாஹ் ஆஃபியத்தை வழங்குவானாக! ஆமீன்.