ஆலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரை

சென்ற திருவிழாவில் யாம் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பற்றிச் சொல்லி முடித்தபொழுது, முதியவர் ஒருவர் எழுந்து, "இராசராசன் சிவபாதசேகரன் என்று பெயர் கொண்டவன். அவன் மகன் இராசேந்திரனும் சிவனடி மறவாதவன். அத்தகையோர் அரச முத்திரையில் இடபமேனும் இலிங்கமேனும் இல்லாது புலி இருப்பது ஏன்?" என்று வினவினார். அன்று அருச்சனைக்கு நேரமாகிவிட்டமையால் விடை கூறாது அமர்ந்தோம். அக் கடனை இன்று தீர்க்கின்றோம்.

முதலில் அம் முத்திரையைக் காண்போம். வட்டமான செப்புத் தகட்டின் நடுவே வேங்கை அமர்ந்திருக்கின்றது. அதன் அருகே இரு கயல்கள், வில்லும் உண்டு. மேலே வெண்கொற்றக்குடை, இருபுறமும் சாமரை. விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகம் ஒன்று ஓடுகின்றது. பரகேசரிவன்மனாகிய இராசேந்திர சோழனது இவ்வாணை மன்னர்தம் முடிமணிகளின்மேல் வீற்றிருப்பது என்பது அதன் கருத்து. கயல் பாண்டியர்க்கு உரியது, வில் சேரர்க்கு உரியது என்பதை யாவரும் அறிவர். வென்றவன் தோற்றவர் சின்னங்களைத் தன் புலியின் அருகே வைத்தான் என்பதில் பெருமிதம் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவையும் அதே குடையின் கீழ்த்தான் இருக்கின்றன. மதுரையை ஆளத் தன் மகனையே சோழபாண்டியன் என்னும் பெயரால் அமர்த்தியவன் இராசேந்திரன்.

பல்லவர் முத்திரையில் இடபம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது உண்மை. ஆனால் திருமாலடியாராகத் தம்மைக் கூறிக்கொண்ட பல்லவ வேந்தரும் அவ் விடபத்தையே பொறித்தனர். ஆகவே ஆங்கும் அது குலத்தின் இலச்சினையே அன்றிச் சமயத்தின் அடையாளம் மட்டும் அன்று.

இனி, முத்திரை செய்யும் தொழில் யாது? செப்பேடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு துளை உண்டு. எல்லாத் துளைகளின் வழியாகவும் ஒரு பெருவளையத்தைச் செலுத்தி, அதன் இரு முனைகளையும் முத்திரையின் அடியில் பொருத்தி உருக்கிச் சேர்த்துவிடுவர். பின்னர் ஓர் ஏட்டை உருவவும் இயலாது. புதியதொன்றைப் புகுத்தவும் இயலாது. வளையத்தை அறுத்தால் அறுத்த வடு தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்திற் காண்போர் புலியை மட்டும் நோக்கி நகர்ந்துவிடாது, அந்த வளையத்தையும் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அரசன் சொல்லுக்கு இட்ட பூட்டு அதுவே.

அச் சொல்லும் எளிதில் ஏடேறுவதன்று. வேந்தன் வாய்மொழியைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுத, ஓலைநாயகங்கள் ஒப்பமிட, புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்திற் பதிய, திருமுகம் நாட்டார்க்குச் செல்லும். நாட்டார் அதனை எதிர்கொண்டு தொழுது தலைமேல் வைப்பர். பின் பிடியானை ஒன்றை எல்லை சுற்றி நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நடுவர்.

இவ்வாறே இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1018-ஐ ஒட்டிய காலத்தில், பழையனூரை ஆலங்காட்டு மகாதேவர்க்கு அளித்தான். 1905-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட அச் செப்பேடுகள் 31. அவற்றின் வடமொழிப் பகுதியோ கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் பாடுகின்றது. கடாரம் வென்றது 1025-இல். ஆகவே ஆணை முந்தியது, அவ் வடமொழிப் பகுதி பொறிக்கப்பெற்றது பிந்தியது என்று அறிஞர் கொள்வர். இடையில் ஆண்டுகள் சென்றும், கடல் கடந்து போர்கள் நிகழ்ந்தும், அம்மையார் தலையால் நடந்த தலத்திற்குச் சொன்ன சொல் மறக்கப்படவில்லை. பெற்ற ஊரும் எத்தகையது? நீலிக்குக் கொடுத்த வாக்கிற்காக வேளாளர் எழுபதின்மர் தீப்பாய்ந்தனர் என்று வரலாறு வழங்கும் பழையனூர் அன்றோ!

முதியவர் வினாவிற்கு நேர் விடை ஆனைமங்கலத்தில் உள்ளது. ஸ்ரீவிசய வேந்தன் மாறவிசயோத்துங்கவன்மன் தன் தந்தை சூளாமணிவன்மன் பெயரால் நாகப்பட்டினத்திற் பௌத்த விகாரம் ஒன்று எடுப்பித்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் பள்ளிச்சந்தமாக அளித்தான். தஞ்சையிற் பெருவுடையார்க்குக் கற்றளி எழுந்துகொண்டிருந்த காலம் அது! அவன் விண்ணுலகு எய்திய பின், தந்தையின் சொல் நிலைபெறுமாறு செப்பேட்டிற் பொறிப்பித்தவன் இராசேந்திரன். ஏடுகள் 21. பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அவற்றின் வளையத்திலும் இராசேந்திரன் முத்திரையே. அதே புலி, அதே கயல்கள், அதே வில்.

பின்னாளில் அவ் விசய நாட்டின்மீதே சோழர் கப்பற்படை சென்றது. ஆயினும் முதற் குலோத்துங்கன் காலத்திலும் அந் நாகை விகாரத்திற்கு ஆணை புதுப்பிக்கப்பெற்றது. இடபம் பொறித்த முத்திரையெனில் பௌத்தர் அதனை ஏலாது மறுத்திருப்பர் என்று யாம் கூறவில்லை. சிவாலயத்திற்கும் விகாரத்திற்கும் வேந்தன் வாக்கு ஒன்றே, அதைப் பூட்டும் முத்திரையும் ஒன்றே என்பதைத்தான் அவ் விரு வளையங்களும் காட்டுகின்றன. வேந்தர் தம் சிவபத்தியைத் தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் விண்ணளவு உயர்த்திக் காட்டினர், முத்திரையிற் காட்டவில்லை.