இருதயக் கட்டியைக் கண்ட வரலாறு



திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில், பெயரிலேயே சத்திரத்தைத் தாங்கி நிற்கும் ஊர் பனவடலிசத்திரம். அங்குள்ள பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், சத்துணவு அமைப்பாளராக நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் இருந்தார். குனிந்து அரிசி அளந்துவிட்டு நிமிர்ந்தால் அவருக்குக் கண் இருண்டுவிடும், மூச்சு வாங்கும். சற்றுப் படுத்தால் சரியாகிவிடும். "வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் அம்மா, இது இரத்தச் சோகைதான்" என்று நான் அறிவுரை கூறினேன். அடிக்கடி விடுப்புக் கேட்டபோது கடிந்தும் பேசினேன். அப்பேச்சை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அவருடைய இருதயத்துள் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

இருதயத்திலும் கட்டி உண்டாகுமா என்று நீங்கள் கேட்கலாம். மிக அரிதாக உண்டாகும். பிற உறுப்புகளில் தோன்றிய புற்று இருதயத்துக்குப் பரவுவதே அதிகம். இருதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று புற்றல்லாதவை. பெரியவர்களிடம் அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது 'மிக்ஸோமா' என்னும் கூழ் போன்ற கட்டி. இது பெரும்பாலும் இருதயத்தின் இடது மேலறையில், நடுச்சுவரிலிருந்து ஒரு காம்பினால் தொங்கும்.

குளத்து மடையைத் திறந்ததும், நீரோடு இழுபட்டு வரும் பாசித்திரள் மடைவாயை அடைத்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே இக்கட்டியும் இரத்தம் கீழறைக்கு இறங்கும்போது வால்வு வாயில் வந்து அடைக்கிறது. நிமிர்ந்தால் அடைப்பு மிகுந்து மயக்கம் வரலாம். படுத்தால் கட்டி விலகி நோய் தணியலாம். கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதமும் நேரும். ஆகவே புற்றல்ல என்பதனால் அது தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ரியால்டோ கொலம்போவின் நூல் 1559ஆம் ஆண்டு வெளிவந்தது. இருதயக் கட்டியைப் பற்றிய முதற்குறிப்பு அதில் இருப்பதாகக் கூறுவர். ஆனால் அதற்குப் பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், இறந்தவரின் உடலை அறுத்தபோதுதான் மருத்துவர் இக்கட்டியைக் கண்டனர். கண்ட வேளையில் காப்பாற்றுவதற்கு ஆள் இல்லை! 1934ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மருத்துவர் பார்ன்ஸும் அவருடைய துணைவரும், உயிரோடிருந்த ஒரு நோயாளியிடம் இருதயப் புற்றைக் கண்டறிந்தனர். இ.சி.ஜி. பதிவும், உடலில் பரவியிருந்த கட்டியின் சிறு துண்டும் அவர்களுக்குச் சான்றாயின. 1952இல் கோல்ட்பர்க் குழுவினர், இரத்தத்தில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படத்தில் மிக்ஸோமாவின் நிழலைக் கண்டனர்.

நிழலைக் கண்டால் போதுமா? துடிக்கும் இருதயத்தைத் திறப்பது எவ்வாறு? 1953ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து, ஓர் இளம்பெண்ணின் இருதயத்தைத் திறந்து செப்பனிட்டார். அடுத்த ஆண்டே, 1954 ஜூலையில், சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு அத்தகைய இயந்திரத்தின் துணையோடு இடது மேலறை மிக்ஸோமாவை அகற்றினார். நோயாளி பிழைத்தார். நானூறு ஆண்டு இருள் அன்று விலகியது எனலாம்.

அதே சுவீடனில் லுண்ட் நகரத்து மருத்துவர் எட்லரும் இயற்பியலறிஞர் ஹெர்ட்ஸும் 1953இல், உலோகத்திலுள்ள வெடிப்பைத் தேடப் பயன்பட்ட கருவியைக் கொண்டு இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். நம் செவிக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, அதன் எதிரொலியைப் படிக்கும் முறை அது. 1959இல் ஜெர்மனியில் எஃபர்ட்டும் டொமானிக்கும் அம்முறையால் இருதயக் கட்டியைக் கண்டனர். அதன் வளர்ச்சிதான் இன்று நாம் 'எக்கோ' என்று வழங்கும் பரிசோதனை.

நம் நாட்டிலும் இக்கலை விரைந்து வேரூன்றியது. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்கர் மார்பறுவைத் துறையைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற டாக்டர் என். கோபிநாத், 1960களின் தொடக்கத்தில் அங்கே திறந்த இருதய அறுவையை வெற்றியுடன் செய்தார். பின்னாளில் நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் எழுந்தது. இருதய நோய்க்காக மேல்நாடு செல்ல வேண்டிய நிலை மாறியது.

எனினும் கருவி மட்டும் போதாது. எங்கள் அமைப்பாளரின் மார்பில் கேட்ட ஒலியை, கீல்வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியதன் விளைவு என்றே முதலில் பார்த்த மருத்துவர் கருதினார். அந்நோய் நம் நாட்டில் மிகுதி. மிக்ஸோமாவோ அதே வேடத்தில் வரும். மற்றொரு மருத்துவர், "எப்போது மயக்கம் வருகிறது? படுத்தால் கூடுகிறதா, குறைகிறதா?" என்று பொறுமையாகக் கேட்டார். வால்வு சுருங்கியவர்க்குப் பெரும்பாலும் படுத்தால்தான் மூச்சுத் திணறும். இவருக்கோ படுத்தால் தணிந்தது. உட்காரவைத்தும் படுக்கவைத்தும் மார்பொலியைக் கேட்டார், ஒலி மாறியது. உடனே எக்கோவுக்கு அனுப்பினார். எலுமிச்சம்பழ அளவில் கட்டி ஆடிக்கொண்டிருந்தது. அறுவை நடந்தது. சில மாதங்களில் அம்மையார் பள்ளிக்குத் திரும்பினார். "சார், இப்போ குனிஞ்சு நிமிர்ந்தாலும் கண்ணு இருட்டலை" என்று அவர் சொன்னபோது, எனக்கு மறுமொழி கூற நா எழவில்லை.

எல்லோருக்கும் இவ்வாறு நலம் கிட்டுவதில்லை. 'சார்க்கோமா' என்னும் இருதயப் புற்று இன்றும் மருத்துவத்துக்கு எளிதில் அடங்குவதில்லை. மிக்ஸோமாவும் சிலருக்கு மீண்டும் தோன்றலாம். ஆகையால் அறுவைக்குப் பின்னும் காலந்தோறும் எக்கோ பார்க்க வேண்டும்.

உங்களில் சிலர் மருத்துவராவீர்கள். சிலர் என்னைப்போல ஆசிரியராவீர்கள். கருவிகள் இன்னும் பெருகும். அந்த அம்மையார் தம் நோயின் அடையாளத்தை என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். நான் அதைச் சாக்கு என்று எண்ணினேன். "நிமிர்ந்தால் மயக்கம் வருகிறது" என்று உங்களிடம் யாரேனும் சொன்னால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். அவரை உட்காரவைத்து, முழுவதும் கேளுங்கள்.