குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறிகள்

ஆட்டிசம் அல்லது மதியிறுக்கம் என்பது மூளை வளர்ச்சியின் வேறுபாட்டால் பிறரோடு பழகுதல், கருத்துப் பரிமாற்றம், நடத்தை ஆகியவற்றில் இளம்பருவத்திலேயே வெளிப்படும் நிலையாகும். இதனை லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து தனி நிலையாக விவரித்தார். வளர்ப்பு முறையோ தடுப்பூசியோ இதற்குக் காரணமல்ல.

முகம் பார்த்துச் சிரிக்காமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒரு வயதாகியும் விரும்பியதை விரலால் சுட்டாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் பேசாமை, இரண்டு வயதில் இரு சொற்களை இணைத்துப் பேசாமை ஆகியன முதன்மை அறிகுறிகள். கேட்டதையே திரும்பச் சொல்லும் எதிரொலிப் பேச்சு, கைகளை உதறுதல், பொம்மையை வைத்து விளையாடாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருத்தல், குக்கர் விசில் போன்ற ஒலிக்குக் காதைப் பொத்துதல் ஆகியவையும் காணப்படலாம். இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பதால் ஆட்டிசம் என்று முடிவு செய்ய இயலாது. ஆயினும் முன்பு பேசிய சொற்களைக் குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதாயினும் உடனே மருத்துவரை நாட வேண்டும். பெண் குழந்தைகளிடம் அறிகுறிகள் வெளித்தெரியாமல் போவதும் உண்டு.

திருவாலங்காடு போன்ற ஆந்திர எல்லையோர ஊர்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குவதால், பேச்சுத் தாமதத்துக்கு இருமொழிச் சூழலே காரணம் எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் இரு மொழிகளைக் கேட்டு வளர்வது ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. பேச்சு மட்டும் தாமதமான குழந்தை சுட்டியும் சைகை காட்டியும் தன் விருப்பத்தைத் தெரிவிக்கும் என்பதால், சைகையும் குறைந்திருப்பதே கவனிக்கத்தக்கது. காது கேளாமையும் இதே தோற்றத்தைத் தரக்கூடுமாகையால் செவித்திறன் சோதனை தேவைப்படும்.

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, ஒன்றிய அளவிலான நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் பயிற்சியளிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் இளவயதில் கூடுதல் பயன் தருவதால், ஐயம் எழுந்தவுடன் அவற்றைத் தொடங்க வேண்டுமேயன்றி, நோயறிதல் உறுதியாகும்வரை காத்திருத்தல் கூடாது.