பஞ்சம் கடந்த பண்டிதை

புனேயிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்ததும் கேட்காவ் என்னும் சிறு நிலையம் வரும். கோடை விடுமுறையில் ஊர் செல்லும் நம்மவர் புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்க்கும் ஆரவாரத்தில் அதனைக் கவனிப்பதில்லை. நாமும் பல்லாண்டுகள் கவனித்ததில்லை. அதே பாதை பின்னர் ரேணிகுண்டாவை நெருங்கும்போது திருப்பதி மலைத்தொடர் கண்ணில் படும். கேட்காவில் ஓர் ஊரையே எழுப்பிய பண்டித ரமாபாய் அம்மையாரின் துயர வரலாறு அம்மலைக் காடுகளில்தான் உச்சம் எய்தியது.

அம்மையார் 1858-ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, வடமொழி வல்லுநர். பெண்ணுக்கு வடமொழி கற்பித்தல் பாவம் எனச் சுற்றத்தார் தடுத்தபோதும் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அதனைக் கற்பித்தார். அத்தாயிடம் பயின்ற ரமாபாய், சிறுமியாயிருக்கும்போதே பாகவதத்தின் பல்லாயிரம் சுலோகங்களை மனத்தில் ஏற்றினார். கோயில்தோறும் புராணம் படித்து, கேட்போர் அளிப்பதைக் கொண்டு வாழ்ந்த குடும்பம் அது. நாட்டில் பஞ்சம் வந்தபோது புராணம் கேட்பாரும் இலர், அளிப்பாரும் இலர்.

நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட தாது வருடப் பஞ்சத்திற்குச் சற்று முந்திய காலம். பாத்திரமும் விற்றாயிற்று, கடைசி அரிசியும் தீர்ந்தது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த திருப்பதி மலைக்காட்டில் பதினொரு நாள், நீரும் இலையும் காட்டு ஈச்சம்பழமுமே உணவு. பார்வை மங்கிய முதிய தந்தை, புனித நீரில் மூழ்கி உயிர்விடத் துணிந்தார். மகன் கூலி வேலை செய்தேனும் காப்பாற்றுவதாகச் சொல்லித் தடுத்தான். ஆயினும் 1874-இல் தந்தை இறந்தார். இறக்குமுன் தம் இளைய மகளை அணைத்து, நேர்மையாக வாழ்ந்து இறைவனுக்கே தொண்டு செய்யுமாறு பணித்தார்.

சில வாரங்களில் தாயும் படுத்தார். காய்ச்சலின் மயக்கத்தில் அவ்வம்மையார் ஒரு துண்டு கம்பு ரொட்டி கேட்டார். பதினாறு வயது ரமாபாய் அண்டை வீட்டு வாயிலில் போய் நின்றார். இரந்து பழகாத நாவில் சொல் எழவில்லை, கண்ணீர்தான் வழிந்தது. அவ்வீட்டுப் பெண்மணி கேட்டறிந்து ரொட்டி கொடுத்தார். கொண்டுவந்து கொடுத்தபோது, அதனை மெல்லவும் தாய்க்கு வலுவில்லை. இறந்த பின் பாடை தூக்கவும் ஆள் கிடைக்கவில்லை. இருவர் இரங்கி வந்தனர், மகன் மூன்றாமவன். நான்காவது ஆளாக ரமாபாயே தோள் கொடுக்க முன்வந்தார். குட்டையான அவர் தோளுக்குப் பாடை எட்டாமையால், மூன்று மைல் தொலைவிலிருந்த சுடுகாடு வரை தலையில் சுமந்து சென்றார். பின்னர்த் தமக்கையும் மறைந்தார்.

அண்ணனும் தங்கையும் நாடெங்கும் கால்நடையாக அலைந்து 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர். அறிஞர்கள் ரமாபாயின் புலமையைச் சோதித்து, ‘பண்டிதை’ எனவும் ‘சரஸ்வதி’ எனவும் பட்டம் அளித்தனர். ஆனால் துன்பம் விட்டபாடில்லை. 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் சாதி கடந்து மணந்த வங்காள வழக்கறிஞர் விபின் பிகாரி தாஸ் 1882-இல் காலராவில் மாண்டார். கையில் மனோரமா என்னும் ஒரு வயதும் நிரம்பாத பெண் குழந்தை.

கிறிஸ்து அவர் வாழ்வில் வந்தது இவ்விடத்தேதான். கணவர் வீட்டு நூலகத்தில் வங்க மொழியிலான லூக்கா நற்செய்தி கிடைத்திருந்தது. அதனைப் படித்ததும் அவர் மதம் மாறிவிடவில்லை. 1883-இல் இங்கிலாந்து சென்று வாண்டேஜ் என்னும் ஊரின் கன்னியர் மடத்தில் தங்கினார். வழிதவறியவர் எனச் சமூகம் தள்ளிய பெண்களை அம்மடத்துக் கன்னியர் அன்போடு பேணும் இல்லத்தைக் கண்டு வியந்தார். காரணம் கேட்டபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு உரையாடிய பகுதியை ஒரு சகோதரி படித்துக் காட்டினார். தள்ளப்பட்டவளிடம் தாமே சென்று தண்ணீர் கேட்கும் கடவுள் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் தைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். முன்னை வழிபாட்டைப் பற்றி அம்மையார் பின்னர் எழுதியவற்றை நம்முள் பலர் ஏற்கமாட்டோம். நாமும் முழுவதும் ஏற்பதற்கில்லை. ஆயினும் பாடை சுமந்த தலை எண்ணிய எண்ணத்தை மின்விசிறியின் கீழ் அமர்ந்து எடைபோடும் உரிமை நமக்கு உண்டா என ஐயுறுகிறோம்.

புதிய சமயத்தாரும் அவரை எளிதில் அடக்கிவிட முடியவில்லை. சிலுவையில் இலத்தீன் சொற்கள் எதற்கு, வடமொழியில் இருந்தால் ஆகாதோ என வினவினார். ஆண் மாணவர்க்கு அவர் கற்பிக்கலாகாது என ஆயர்கள் தடுத்ததையும் எதிர்த்தார். புலால் உண்ணாமையை இறுதிவரை விடவில்லை. 1889-இல் பம்பாயில் இளம் கைம்பெண்களுக்கென ‘சாரதா சதன்’ என்னும் பள்ளியைத் தொடங்கி, அடுத்த ஆண்டு புனேக்கு மாற்றினார். மாணவியர் சிலர் கிறிஸ்துவை நாடியபோது, 1893-இல் ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவினின்று விலகினர். திலகரின் ‘கேசரி’ கடிந்து எழுதியது. பள்ளியின்பால் நம்பிக்கை வைத்துப் பெண்களை அனுப்பிய பெற்றோரின் கலக்கத்திலும் நியாயம் இருந்தது.

1896-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் எழுந்தது. ஆதரவற்ற சிறுமியர் தீயோர் கையில் சிக்குவதாகச் செய்தி வந்தது. போதிய பணம் இல்லை. ஆனால் அப்பசி அம்மையார்க்குப் புதிதன்று. புறப்பட்டுச் சென்று ஏறத்தாழ 300 சிறுமியரை மீட்டார். புனேயில் கொள்ளைநோய்க் கட்டுப்பாடு இருந்தமையால், முன்னரே வாங்கியிருந்த கேட்காவ் நிலத்தில் கூடாரமிட்டுத் தங்கவைத்தார். ‘முக்தி’ என்னும் இல்லம் அவ்வாறு தோன்றியது. குஜராத் பஞ்சத்தின் பின் 1900 அளவில் அங்கே ஏறத்தாழ 2,000 பேர் இருந்தனர். உழவு, நெசவு, பால்பண்ணை, எண்ணெய் ஆட்டுதல் எனக் கைத்தொழில்கள் நடந்தன. பார்வையற்றோரும் பயின்றனர். தம் தந்தை கைவேலை எதுவும் அறியாது பட்டினியில் மாண்டதை அவர் மறக்கவில்லை போலும்.

துன்பம் பின்னும் ஒருமுறை வந்தது. எல்லாரையும் இழந்தவர்க்கு எஞ்சியிருந்த மனோரமா, தமக்குப் பின் இல்லத்தை நடத்துவார் எனக் கருதப்பட்டவர், 1921-இல் காலமானார். அப்போது அம்மையார் விவிலியத்தைப் பாமரப் பெண்களும் உணரும் எளிய மராத்தியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். அதன் பொருட்டே எபிரேயமும் கிரேக்கமும் கற்றிருந்தார். மகளை இழந்த பின்பும் அப்பணியை விடாது முடித்து, 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் உயிர் நீத்தார். அந்நூல் 1924-இல் முழுமையாக வெளிவந்தது. அதற்கு அச்சுக்கோத்தவர்கள் முக்தி இல்லத்துப் பெண்களே.